ஸ்மார்ட் வீடு: முதலில் எதை வாங்கலாம், எதை வாங்காமல் விடலாம்?

ஸ்மார்ட் சாதனம் எதையாவது வாங்கலாம் என்று யோசிக்கிறீர்களா? போனில் கடையைத் திறக்கும் முன், உங்கள் வீட்டில் தினமும் நச்சரிக்கும் வேலை எது என்று யோசித்துப் பாருங்கள். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறதா? கீசரை அணைத்தோமா என்று பஸ் ஏறிய பிறகு சந்தேகம் வருகிறதா? விடியற்காலை மூன்று மணிக்கு ஏசி குளிரில் எழுந்து ரிமோட்டைத் தேடுகிறீர்களா? ஊருக்குப் போனால் வாசல் விளக்கைப் போட யாரும் இல்லையா? இப்படி ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் வாங்குங்கள். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் இப்போதைக்கு உங்களுக்கு எதுவும் தேவையில்லை. சலுகை விலையைப் பார்த்து வாங்கிய பொருள்கள்தான் பெரும்பாலும் ஒரு மாதம் கழித்து டிராயருக்குள் போகின்றன.

சரி, ஸ்மார்ட் என்றால் என்ன? சாதாரண பிளக், பல்பு, கேமரா இவற்றுக்குள் சின்னதாக ஒரு வைஃபை சில்லைப் பொருத்தியிருப்பார்கள். அவ்வளவுதான். நீங்கள் போனில் தட்டும் கட்டளை பெரும்பாலும் இணையத்துக்குப் போய், அதைத் தயாரித்த கம்பெனியின் சர்வரை (தொலைவில் எங்கோ ஓடும் பெரிய கணினி) தொட்டு, உங்கள் வீட்டு ரூட்டர் வழியாகத் திரும்பி பிளக்கை வந்து சேர்கிறது. நாலடி தள்ளியிருக்கும் விளக்கை அணைக்கக் கட்டளை வெளியூர் போய்வருகிறது என்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கரண்ட், இணையம், அந்தக் கம்பெனி ஆகிய மூன்றில் எது நின்றாலும் உங்கள் சாதனத்தின் புத்திசாலித்தனத்தில் பெரும்பகுதி நின்றுவிடும்.

அப்படியானால் நெட் போனால் விளக்கையே போட முடியாதா? முடியும். நல்ல பிளக்கில் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கும், கையால் அழுத்தலாம். காலை ஐந்தரைக்குப் போடு, ஆறுக்கு அணை என்று நீங்கள் வைத்த நேரக் கணக்கைப் பல சாதனங்கள் தங்களுக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும். அதனால் நெட் இல்லாவிட்டாலும் அது நடக்கும். வெளியூரிலிருந்து போனில் இயக்குவதும் வாய்மொழிக் கட்டளையும்தான் நின்றுபோகும்.

கரண்ட் போவதுதான் நம் ஊரில் பெரிய தொல்லை. அரை நிமிடம் கரண்ட் போய் வந்தாலும் ரூட்டர் மறுபடி உயிர்பெற்று எல்லாவற்றையும் இணைக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதனால் முதலில் வாங்க வேண்டியது ஸ்மார்ட் சாதனமே இல்லை, ரூட்டருக்கான மினி யுபிஎஸ் (கரண்ட் போனாலும் ரூட்டரை ஓட வைக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி) என்பேன். ஆயிரம் முதல் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரின் முதுகைப் பாருங்கள். அதில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றோ 2 ஆம்பியர் என்றோ போட்டிருக்கும். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. ரூட்டரில் செருகும் பின்னும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, அது போதாதா? ரூட்டர் செருகியிருக்கும் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் போதும். ஃபைபர் இணைப்பில் சில வீடுகளில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டியும் அதே லைனில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் எரிந்து பயனில்லை.

இனி முதல் நாள் பலரையும் அழவைக்கும் விஷயத்துக்கு வருவோம். பிளக்கைச் செருகி, பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடிக்கிறீர்கள். சின்ன விளக்கு படபடவென்று கண்சிமிட்டுகிறது. ஆப்பில் வைஃபை பாஸ்வேர்டைப் போடுகிறீர்கள். சதவீதக் கணக்கு ஏறிக்கொண்டே போய் எண்பது, தொண்ணூறில் நின்று, இணைக்க முடியவில்லை என்கிறது. பொருள் பழுது என்று திருப்பி அனுப்பிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள்.

காரணம் பெரும்பாலும் வைஃபையின் அலைவரிசை. இன்றைய ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகின்றன. ஐந்து வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் தூரம் போகும். விலை குறைந்த சாதனங்கள் ஏறக்குறைய எல்லாமே 2.4 மட்டும்தான் அறியும். உங்கள் போன் ஐந்தில் இருந்தால் இணைக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போகலாம்.

என்ன செய்வது? இரண்டு வைஃபைக்கும் தனித்தனிப் பெயர் வைக்கும் வசதி ரூட்டரில் உண்டு. இணையம் கொடுத்தவருக்கு ஒரு போன் போட்டு, "2.4-க்குத் தனிப் பெயர் வைத்துக் கொடுங்கள்" என்று சொன்னால் அவர்களே செய்துவிடுவார்கள். போனையும் அந்தப் பெயரில் இணைத்துக்கொண்டு மறுபடி முயலுங்கள். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சிறிய எழுத்தையும் கவனியுங்கள். இவற்றைச் செய்த பிறகும் இணையவில்லை என்றால், பிளக்கை ரூட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுவந்து முயலுங்கள். அங்கே இணைந்து, குளியலறை வாசலில் மட்டும் இணையவில்லை என்றால் குறை பிளக்கில் இல்லை, சிக்னலில்.

முதல் சாதனமாக எதை வாங்கலாம்? 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் ஒன்று. தொள்ளாயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை விற்கிறது. மின் செலவைக் காட்டும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த வசதி இல்லாததை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

6 ஆம்பியர் பிளக் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, அது ஆகாதா? கீசருக்கு ஆகாது. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். அதை 6 ஆம்பியரால் பெருக்கினால் 1,380 வாட். அதற்கு மேல் இழுத்தால் அந்த பிளக் சூடாகும், உருகும். சாதாரணக் கீசர் 2,000 வாட், உடனடிக் கீசர் (தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் அப்போதைக்கப்போது சூடாக்கும் சின்னக் கீசர்) 3,000 வாட். 16 ஆம்பியர் பிளக் 3,680 வாட் வரை தாங்கும். இன்னொரு எளிய அடையாளம்: தடித்த மூன்று பின் உள்ள பிளக், பெரிய ஓட்டை உள்ள பாயிண்ட் என்றால் அது 16. அடாப்டர் ஒன்றைப் போட்டுப் பெரிய பின்னைச் சின்ன ஸ்மார்ட் பிளக்கில் மாட்டும் வித்தையை மட்டும் செய்யாதீர்கள். வீடு பற்றி எரியும் வழிகளில் அதுவும் ஒன்று.

கீசரை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டினால் கரண்ட் பில் பாதியாகும் என்கிறார்களே? ஆகாது. கீசரை மறந்து விட்டுவிட்டால் மணிக்கு இரண்டு யூனிட் ஓடிக்கொண்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் (சூடு பார்த்துத் தானே அணைக்கும் பாகம்) கரண்ட்டை நிறுத்திவிடும். 15 லிட்டர் கீசர் சூடாக இருபது நிமிடம் போதும், செலவு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். அதன் பிறகு ஆறுவதை ஈடுசெய்ய அவ்வப்போது கொஞ்சம் இழுக்கும். ஸ்டார் முத்திரை உள்ள நல்ல கீசரில் அந்த இழப்பு, நாள் முழுக்கப் போட்டு வைத்தாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது.

பிறகு எதற்கு? மூன்று லாபம் உண்டு. ஒன்று, பாதுகாப்பு. தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் பழுதாகும். ஆறு மணிக்கு கீசர் கட்டாயம் அணைந்துவிடும் என்ற இரண்டாவது காவல் நல்லது. ஆனால் இது கீசரின் சொந்தப் பாதுகாப்பு வால்வுக்கு மாற்று இல்லை. இரண்டு, எழுந்ததும் வெந்நீர் தயாராக இருக்கும். மூன்று, ஊருக்குக் கிளம்பிய பிறகு அணைத்தோமா இல்லையா என்ற சண்டை ரயிலில் நடக்காது. போனைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மின் செலவைக் காட்டும் வசதி ஏன் வேண்டும் என்றேனே, அதற்கு வருகிறேன். அந்த பிளக்கை ஒரு வாரம் ஃபிரிட்ஜில் மாட்டிப் பாருங்கள். அடுத்த வாரம் வாஷிங் மெஷின், பிறகு டிவி. எது எத்தனை யூனிட் தின்கிறது என்று ஆப்பில் தெளிவாகத் தெரியும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டார் தாளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். 220 என்று போட்டிருந்தால் நாளுக்கு 0.6 யூனிட். உங்கள் பிளக் ஒன்றேகால் யூனிட் காட்டினால் கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறதா, பின்பக்கம் சுவரை ஒட்டிக் காற்றில்லாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம். அளந்து முடித்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். யாராவது போனில் தவறுதலாகத் தட்டி, மாவும் பாலும் கெட்டுப்போக வேண்டாம்.

இந்த அளவு தமிழ்நாட்டு வீடுகளுக்கு இன்னொரு விதத்திலும் முக்கியம். இங்கே ஈபி கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், அதன் பிறகு படிப்படியாக விலை ஏறும். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருக்கும்வரை தொடக்கப் படி யூனிட்டுகளுக்குச் சலுகை உண்டு. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய், அவற்றுக்கும் மேல்படி விலையைப் போட்டுவிடுவார்கள். அதாவது 501-ஆவது யூனிட் தனக்கான விலையோடு நிற்காமல் பழைய யூனிட்டுகளின் விலையையும் சேர்த்து ஏற்றுகிறது. 510, 520 என்று வரும் வீடுகளில் இருபது யூனிட்டை எங்கே பிடிப்பது என்று அளந்து கண்டுபிடித்தால், பிளக்கின் விலை சில பில்களிலேயே வந்துவிடும்.

ஸ்மார்ட் சாதனமே கரண்ட் தின்னாதா? தின்னும். வைஃபையில் காத்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு வாட் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட். ஒன்றிரண்டு இருந்தால் பொருட்டில்லை. வீடு முழுக்க இருபது மாட்டினால் முப்பது யூனிட் போகும். மிச்சம் பிடிக்க வாங்கியதே செலவு வைக்கும்.

எதை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டக் கூடாது? இஸ்திரிப் பெட்டி, இமர்ஷன் ஹீட்டர் (வாளித் தண்ணீரில் போடும் சூடாக்கும் கம்பி), மின் அடுப்பு. ஆள் பக்கத்தில் இல்லாதபோது தானாக எரியத் தொடங்கினால் ஆபத்தானவை இவை. தண்ணீர் மோட்டாரும் கூடாது. மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். பிளக்கின் உள்ளே இருக்கும் சின்ன ரிலே (கரண்ட்டைத் திறந்து மூடும் மின்தாழ்) அதில் ஒட்டிக்கொண்டால், போனில் அணைந்தது போலக் காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

மொட்டைமாடித் தொட்டிப் பிரச்சினைக்கு என்னதான் வழி? வாட்டர் லெவல் கன்ட்ரோலர். தொட்டிக்குள் உணரிகள் இறங்கும், தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போடும், நிரம்பினால் நிறுத்தும். கீழே சம்ப்பில் தண்ணீர் இல்லை என்றால் மோட்டாரை ஓடவிடாத வகையும் உண்டு. அதையே கேட்டு வாங்குங்கள், மோட்டார் காயில் புகையாமல் தப்பும். இதற்கு வைஃபை வேண்டாம், ஆப் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். போர் மோட்டார் என்றால் ஸ்டார்ட்டர் பெட்டியோடு இணைக்க வேண்டும், எலெக்ட்ரீஷியன் இல்லாமல் தொடாதீர்கள். போனில் மோட்டார் போடுவது புதுமை என்று நகரத்தில் சொல்லிக்கொள்கிறோம். கிராமத்தில் சிம் கார்டு போட்ட செல்போன் ஸ்டார்ட்டரை வைத்து, நள்ளிரவில் மும்முனைக் கரண்ட் வந்ததும் படுக்கையிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போடும் விவசாயிகள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள்.

அடுத்து பல்பு. விளம்பரத்தில் அதிகம் வருவதும், வாங்கியவர்கள் அதிகம் சலித்துக்கொள்வதும் இதுதான். நானூறு முதல் எண்ணூறு ரூபாய். போனில் வண்ணம் மாற்றலாம், வெளிச்சத்தைக் குறைக்கலாம். சிக்கல் எங்கே? சுவரில் இருக்கும் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் பல்புக்குக் கரண்ட்டே இல்லை. கரண்ட் இல்லாத பல்பு போனில் எத்தனை தட்டினாலும் எழாது. வீட்டில் இருக்கும் அம்மாவோ மாமனாரோ அறையை விட்டு வெளியே வரும்போது சுவிட்சை அணைப்பார்கள். அணைக்கத்தான் செய்வார்கள், அது நல்ல பழக்கம். "சுவிட்சைத் தொடாதீங்க, போன்ல அணைங்க" என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தால் அந்தச் சாதனம் தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

பில்லும் இதில் குறையாது. 9 வாட் பல்பு தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு மூன்றே கால் யூனிட்தான். மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. சுவிட்சை எப்போதும் போட்டு வைக்கும் இடத்துக்கு, உதாரணமாக வாசல் விளக்குக்கு, இது பொருந்தும். மாலை ஆறரைக்கு எரிந்து காலை ஆறுக்கு அணையும் என்று ஒருமுறை வைத்துவிட்டால் ஊரில் இல்லாதபோதும் நடக்கும்.

வாங்கினால் ஓர் அமைப்பை மறக்காமல் மாற்றுங்கள். கரண்ட் போய் வந்ததும் பல பல்புகள் முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும். நடு இரவில் கரண்ட் வந்ததும் படுக்கையறை பளீரென்று விடியும், குழந்தை எழுந்துவிடும். ஆப்பில் கரண்ட் திரும்பியதும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்கும் இடம் இருக்கும். அதில் முன்பிருந்த நிலை என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீசர் பிளக்கிலோ அணைந்த நிலை என்றே வையுங்கள்.

மாடிப்படிக்கும் கழிவறைக்கும் இந்த வம்பெல்லாம் வேண்டாம். ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் பல்போ ஹோல்டரோ இருநூறு முதல் நானூறு ரூபாய்க்குள் எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கிறது. உடம்புச் சூடு நகர்வதைப் பார்த்து எரியும், சில நிமிடத்தில் தானே அணையும். முட்டிவலியோடு இரவில் எழும் பெரியவர் இருக்கும் வீட்டில், இதைவிடப் பயனுள்ள ஸ்மார்ட் சாதனம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே ஒரு குறை: அக்னி நட்சத்திர வெயிலில் சுவரும் காற்றும் உடம்புச் சூட்டை நெருங்கும்போது, உணரிக்கு ஆளைப் பிரித்தறிவது கடினம். சற்றுக் கிட்டே போனால்தான் எரியும். பழுதில்லை.

பில் குறைவதுதான் உங்கள் நோக்கமா? அப்படியென்றால் ஃபேனைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 70 முதல் 80 வாட் வரை எடுக்கும். பிஎல்டிசி ஃபேன் (கார்பன் பிரஷ் இல்லாத, மின்னணு முறையில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேன்) முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். வித்தியாசம் 45 வாட் என்று வையுங்கள். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம், அதுவும் ஒரே ஃபேனில். கூடவே ரிமோட் வருகிறது, தூக்கத்தில் வேகத்தைத் தானே குறைக்கும் வசதி வருகிறது. இன்வெர்ட்டரில் கூடுதல் நேரமும் ஓடும். விலை ஏறக்குறைய மூவாயிரம். வைஃபை உள்ள வகைக்கு இன்னும் சில நூறு கேட்பார்கள். ரிமோட்டே போதும் என்பது என் எண்ணம். மாட்டும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரை எடுத்துவிடச் சொல்லுங்கள், அதன் வழியாக ஓட்டினால் ஃபேன் கெடும்.

சுவிட்ச்போர்டையே ஸ்மார்ட்டாக்க முடியுமா? முடியும். இருக்கும் சுவிட்சுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவு மாட்யூல் ஒன்றைப் பொருத்துவார்கள். சுவர் சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும். பல்பை மாற்றுவதைவிட இது நல்ல யோசனை. ஆனால் பெரும்பாலான மாட்யூல்களுக்கு நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வேண்டும். பழைய வீடுகளில் விளக்கு சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் அது இருக்காது. பிளக் பாயிண்ட்டும் சேர்ந்த போர்டு என்றால் இருக்கும், ஏனென்றால் பாயிண்ட்டுக்கு நியூட்ரல் இல்லாமல் முடியாது. வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் கைவைக்காதீர்கள், கழற்றி எடுத்துப்போகும் பிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏசிக்கு என்ன செய்யலாம்? ஐஆர் பிளாஸ்டர் என்று ஒன்று உண்டு. எலுமிச்சை அளவு கறுப்பு உருண்டை, எழுநூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். ரிமோட் அனுப்பும் அதே கண்ணுக்குத் தெரியாத ஒளியை இது அனுப்பும். ஏசி, டிவி, செட்டாப் பெட்டி எல்லாவற்றையும் போனிலிருந்து இயக்கலாம். இரவு பதினொன்றுக்கு 24 டிகிரி, மூன்று மணிக்கு 27, ஐந்தரைக்கு அணை என்று வைத்தால் குளிரில் எழ வேண்டாம். பழைய ஏசியை மாற்றாமலே கிடைக்கும் வசதி இது.

இதன் குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஒளி சுவரைத் தாண்டாது, அறைக்கு ஒன்று வேண்டும். அதோடு இது சொல்லும், கேட்காது. ஏசி உண்மையில் அணைந்ததா என்று அதற்குத் தெரியாது. இடையில் ஸ்டூல் மேல் யாராவது துணி குவித்திருந்தால் கட்டளை போய்ச் சேராது, ஆப்பில் மட்டும் அணைந்ததாகக் காட்டும். ஏசி நேராகத் தெரியும் உயரமான இடத்தில் வையுங்கள்.

பேசினால் கேட்கும் ஸ்பீக்கர் வேண்டுமா? பாட்டுக் கேட்கப் பிடித்தால் வாங்குங்கள், வீட்டை இயக்க அது கட்டாயமில்லை. அலெக்ஸா (இத்தகைய ஸ்பீக்கரில் பதில் பேசும் குரல் உதவி) 2017-இல் இந்தியாவுக்கு ஆங்கிலத்தோடு வந்தது, 2019-இல் இந்தி கற்றது. வீட்டில் தமிழ் மட்டும் பேசுபவர்கள் இருந்தால், தமிழில் கட்டளை சொல்லிக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். சாதனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஹால் லைட், கீசர் என்று எல்லார் வாயிலும் ஒரே மாதிரி வரும் சின்னப் பெயராக வையுங்கள்.

கேமராவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆயிரத்து ஐந்நூறு முதல் மூவாயிரம் ரூபாய்க்குள் நல்ல கேமரா கிடைக்கிறது, தனியாக இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் பயன்படுகிறது. ஆனால் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? 2016-இல் மிராய் என்ற கெடுநிரல், தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டோடு அப்படியே கிடந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபரில் அவற்றை ஏவி டைன் என்ற இணையச் சேவை நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் திணறின. வீட்டுக் கேமராக்கள் தங்கள் சொந்தக்காரருக்கே தெரியாமல் செய்த வேலை அது.

ஆகவே வாங்கிய அன்றே புதிய பாஸ்வேர்டு வையுங்கள், ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் எண்ணையும் கேட்பது) போடுங்கள். பதிவை மெமரி கார்டில் சேமிக்கும் வகையை வாங்கினால் மாதச் சந்தா வேண்டாம். வாசலையும் ஹாலையும் பார்க்கட்டும், படுக்கையறைப் பக்கம் திருப்பாதீர்கள். பக்கத்து வீட்டு வாசலும் படத்தில் விழாதபடி வையுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரிடம் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வைப்பதாக இருந்தாலும் முதலில் அவர்களிடம் கேளுங்கள். பாசம் என்றாலும் கண்காணிப்பு கண்காணிப்புதான்.

கம்பெனியே மூடிவிட்டால்? நடந்திருக்கிறது. ரிவால்வ் என்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி, விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒருங்கே இயக்கும் பெட்டியை விற்றது. 2014-இல் நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் பெட்டிகள் நல்ல நிலையில் இருந்தும் உதவாமல் போயின. அதனால் பெயர் தெரியாத கம்பெனியின் பொருளை ஐம்பது ரூபாய் குறைவுக்காக வாங்காதீர்கள். பெட்டியில் மேட்டர் (வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேச 2022 அக்டோபரில் வந்த பொது விதிமுறை) என்ற குறி இருந்தால் இன்னும் நல்லது. அது வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் முறை, ஒரு கம்பெனியை மட்டும் நம்பி இருக்காது.

கையில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் இருக்கிறது, எதை வாங்கட்டும் என்று கேட்டால், ரூட்டருக்கு மினி யுபிஎஸ், மின் செலவு காட்டும் 16 ஆம்பியர் பிளக் ஒன்று. மிச்சமிருந்தால் மாடிப்படிக்கு நடமாட்டம் பார்த்து எரியும் ஹோல்டர். இன்னொரு மூவாயிரம் சேர்ந்தால் அதிகம் ஓடும் அறைக்கு பிஎல்டிசி ஃபேன். பல்பும் ஸ்பீக்கரும் வரிசையில் கடைசி.

வாங்கிய பெட்டியைத் தூக்கி எறியாமல், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் உண்மையிலேயே மாட்டப்போகும் இடத்தில் மாட்டிச் சோதியுங்கள். அரை மணி ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிடுங்கள். பாயிண்ட் தளர்வாக இருக்கலாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்த பிறகே மறுபடி மாட்டுங்கள். வீட்டில் இன்னொருவர் போனிலும் ஆப்பைப் போட்டுப் பகிர்ந்து வையுங்கள், உங்கள் போன் சார்ஜ் தீர்ந்தால் வீடு பூட்டிக்கொள்ளக் கூடாது. பின்னாளில் அந்த பிளக்கைத் தம்பிக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுக்கும்போது ஆப்பிலிருந்து நீக்கி, பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பழைய கணக்கை அழித்துக் கொடுங்கள். இல்லையென்றால் அவர்கள் வீட்டுக் கீசர் உங்கள் போனில் இருக்கும்.